எந்தப் புத்தகத்தை வாங்குவது? உயிர்மருத்துவப் பொறியியல் நூல்களைத் தெரிவு செய்யும்போது



ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்கள் வந்தால் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே எமது வீடுகளில் அதிகம். முன்பெல்லாம் மருத்துவம், பொறியியல் என்று இரண்டு பாதைகளை மட்டுமே பார்த்த பெற்றோர் இப்போது இரண்டும் கலந்த மூன்றாவது பாதையையும் விசாரிக்கிறார்கள். அதுதான் பயோமெடிக்கல் எஞ்சினியரிங். தமிழில் உயிர்மருத்துவப் பொறியியல் என்கிறோம்.

இத்துறை பற்றி எம்மிடம் வரும் கேள்விகளில் இரண்டு வகை உண்டு. "மகள் இந்தப் படிப்புக்குப் போகிறாள், நல்ல பெரிய புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம், எது நல்லது?" என்பது ஒன்று. "ஊர் ஆஸ்பத்திரியில் மெசின் திருத்துகிற தம்பி ஒருவர் புத்தகம் கேட்கிறார், எதை அனுப்புவது?" என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே புத்தகம் பதிலாகாது. எது சிறந்த நூல் என்று கேட்பதற்கு முன், யார், எந்த வேலைக்காக அதைத் திறக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது அதுதான்.

சுகாதாரப் பக்கத்தில் புத்தகப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வைத்தியசாலையில் எங்கள் நாடித்துடிப்பை அளக்கும் கருவியும், நரம்பில் மருந்தை ஏற்றும் பம்பும், குறைமாதக் குழந்தையை வைத்திருக்கும் இன்குபேட்டரும் சரியாக இயங்குவது ஒரு பொறியியலாளரின் அறிவில் தங்கியுள்ளது. அந்த அறிவு எந்த நூலில் இருந்து வந்தது, அந்த நூல் எந்த ஆண்டுக்குரியது என்பது நோயாளிக்கும் முக்கியமான விடயமே.

ஒரு கட்டில், பல துறைகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பாருங்கள். ஈ.சி.ஜி கருவி தோலின் மேல் வரும் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ற் அளவான மின்சமிக்ஞையைப் பெருப்பித்துக் காட்டுகிறது. அது மின்னணுவியல். அந்தச் சமிக்ஞையில் இருந்து இரைச்சலை நீக்கிப் பிழையான துடிப்பைக் கண்டுபிடிப்பது கணிதமும் கணினியும். நோயாளியின் இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தால் அது உலோகவியலும் இயக்கவியலும். எம்.ஆர்.ஐ படம் எடுத்திருந்தால் அது பௌதிகவியல். எரிகாயத்துக்குத் தோல் வளர்க்கிறார்கள் என்றால் அது கல உயிரியல்.

இவை எல்லாம் சேர்ந்ததே உயிர்மருத்துவப் பொறியியல். ஆகவே "இத்துறைக்கு ஒரே புத்தகம்" என்று ஒன்று இருக்க முடியாது. எல்லாவற்றையும் சொல்லும் நூல் ஒவ்வொன்றையும் கொஞ்சமாகவே சொல்லும். ஒன்றை ஆழமாகச் சொல்லும் நூல் மற்றவற்றைத் தொடாது.

மூன்று வகை நூல்கள்

கடையில் ஒரே தட்டில் அடுக்கியிருந்தாலும் இந்நூல்கள் மூன்று வகையானவை.

முதலாவது பாடநூல். இது அடிப்படையில் இருந்து படிப்படியாகக் கற்பிக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிக் கணக்குகள் இருக்கும். மாணவருக்கு வேண்டியது இதுவே.

இரண்டாவது கைநூல். ஹாண்ட்புக் என்ற பெயரைப் பார்த்துக் கையடக்கமானது என்று நினைக்க வேண்டாம். இவை ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்டவை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அந்தந்த விடயத்தில் தேர்ந்த ஒருவர் எழுதியிருப்பார். அடிப்படை தெரிந்தவர் குறித்த ஒரு கேள்விக்குப் பதில் தேட உதவும். முதல் பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டு போவதற்கு உரியவை அல்ல.

மூன்றாவது கலைக்களஞ்சியம். ஜோன் வெப்ஸ்ரர் தொகுத்த மருத்துவக் கருவிகள் பற்றிய கலைக்களஞ்சியம் இதற்கு நல்ல உதாரணம். 1988 இல் நான்கு தொகுதிகளாக வந்த அது, 2006 இல் இரண்டாம் பதிப்பில் ஆறு தொகுதிகளாக விரிந்தது. இது நூலகத்தில் இருக்க வேண்டிய நூல். வீட்டுக்கு வாங்கும் நூல் அல்ல.

இரண்டு பெரிய பெயர்கள்

இத்துறையில் விசாரிக்கும் எவரது காதிலும் முதலில் விழும் பெயர்கள் புரொன்சினோ, வெப்ஸ்ரர் என்ற இரண்டுமே. இவற்றுள் எதை வாங்குவது என்ற கேள்வி அடிக்கடி வருவதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஜோசப் புரொன்சினோ அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் உள்ள ட்ரினிற்றி கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவர் தொகுத்த "பயோமெடிக்கல் எஞ்சினியரிங் ஹாண்ட்புக்" 1995 இல் ஒரு பெரிய நூலாக வந்தது. 2000 இல் இரண்டு தொகுதிகள், 2006 இல் மூன்று, 2015 இல் டொனால்ட் பீற்றர்சனுடன் சேர்ந்து நான்கு என்று வளர்ந்தது. இருபது ஆண்டுகளில் இத்துறை எவ்வளவு பெருத்துவிட்டது என்பதை இந்த எண்ணிக்கையே காட்டும். இந்நூலின் பலம் அதன் பரப்பு. உடலியங்கியல் முதல் இழையப் பொறியியல் வரை எல்லாவற்றுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதன் குறை, முதலாம் ஆண்டு மாணவர் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே தடுமாறிவிடுவார் என்பது.

வெப்ஸ்ரர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவர் தொகுத்த "மெடிக்கல் இன்ஸ்ருமென்ரேஷன்" என்ற பாடநூல் 1978 இல் முதலில் வெளிவந்து, 2020 இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது. இதன் எல்லை குறுகியது: உடலில் இருந்து அளவீடு எடுக்கும் கருவிகள். அந்த எல்லைக்குள் மின்வாய், பெருக்கி, இரத்த அழுத்தம், இரத்த ஓட்டம், சுவாசம், மின்பாதுகாப்பு என்று ஒழுங்காகக் கற்பிக்கிறது. கணக்குகளும் உண்டு. ஈ.சி.ஜி கோடு ஏன் நடுங்குகிறது என்று அறிய விரும்பும் மாணவர் இதில் விடை காண்பார். செயற்கைத் தோல் பற்றி அறிய விரும்புபவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

இவை இரண்டுக்கும் முன்னதாக ஒரு படி உண்டு. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஜோன் என்டர்லேயும் மற்றவர்களும் சேர்ந்து தந்த "இன்ரடக்ஷன் ரு பயோமெடிக்கல் எஞ்சினியரிங்" பொருத்தமானது. 2000 இல் முதற்பதிப்பு வந்தது. உடற்கூற்றியலையும் ஒழுக்கவியலையும் கூடச் சேர்த்து இத்துறையின் முழு வரைபடத்தையும் ஒரு தடவை காட்டிவிடுகிறது. எந்தக் கிளை தனக்குப் பிடிக்கிறது என்று பிள்ளை கண்டுபிடிக்க இது உதவும்.

தனித்தனிக் கிளைகளுக்கு

மூன்றாம் ஆண்டளவில் பிள்ளை ஒரு கிளையைத் தெரிந்துவிடும். அதன்பின் பொதுநூலில் பணம் போடுவதில் பயனில்லை. கிளைக்கு ஒன்றாக, பல பதிப்புகள் கண்டு நிலைத்த நூல்கள் சில:

மருத்துவப் படமெடுத்தலுக்கு புஷ்பேர்க்கும் மற்றும் மூவரும் எழுதிய "எசென்ஷியல் பிசிக்ஸ் ஒஃப் மெடிக்கல் இமேஜிங்". 1994 இல் முதலில் வந்தது. எக்ஸ்றே, சி.ரி, எம்.ஆர்.ஐ, கதிர்ப் பாதுகாப்பு எல்லாம் இதில் உண்டு. கதிரியக்க வைத்தியர்களாகப் பயிற்சி பெறுவோரும் இதையே படிக்கிறார்கள்.

உடலுக்குள் வைக்கும் பொருட்களுக்கு பட்டி ரட்னரும் மற்றவர்களும் தொகுத்த "பயோமெற்றீரியல்ஸ் சயன்ஸ்". 1996 இல் தொடங்கி 2020 இல் நான்காம் பதிப்பு வந்தது. ஒரு பொருளை உடல் ஏன் ஏற்கிறது, ஏன் ஒதுக்குகிறது என்பதே இதன் மையம்.

இழையங்களை வளர்ப்பதற்கு லான்சா, லாங்கர், வக்கான்ரி மூவரும் தொகுத்த "பிரின்சிபிள்ஸ் ஒஃப் ரிசு எஞ்சினியரிங்". 1997 இல் முதற்பதிப்பு.

சமிக்ஞை ஆய்வுக்கு இங்கே கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரங்கராஜ் ரங்கய்யன் எழுதிய "பயோமெடிக்கல் சிக்னல் அனலிசிஸ்". 2002 இல் முதற்பதிப்பு.

வைத்தியசாலையில் கருவிகளை நிர்வகிக்கும் வேலைக்கு "கிளினிக்கல் எஞ்சினியரிங் ஹாண்ட்புக்". 2004 இல் ஜோசப் டைரோ தொகுத்தது. 2020 பதிப்பை ஏர்னெஸ்ரோ இயடான்சா தொகுத்தார்.

பழைய பதிப்பு வாங்கலாமா?

பாவித்த நூல்களும் பழைய பதிப்புகளும் மலிவாகக் கிடைக்கும். எல்லாப் பழைய பதிப்பும் கூடாது என்று சொல்ல மாட்டோம். எது பழசாகும், எது பழசாகாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வை. சி. ஃபுங் எழுதிய உயிர் இயக்கவியல் நூல் 1981 இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1993. ஃபுங் 2019 இல் மறைந்தார். இரத்தக் குழாய் எப்படி இழுபடுகிறது, தசைநார் எப்படிச் சுமை தாங்குகிறது என்ற அடிப்படைகளை அறிய இன்றும் அந்நூலையே எடுக்கிறார்கள். இப்படியான நூலை எவ்வளவு பழையதாக இருந்தாலும் வாங்கலாம்.

ஆனால் பாதுகாப்புப் பற்றிய அத்தியாயங்கள் அப்படி அல்ல. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.ஈ.சி 60601 என்ற சர்வதேச நியமம் 2005 இல் மூன்றாம் பதிப்பாக மாற்றி எழுதப்பட்டது. 2012 இலும் 2020 இலும் திருத்தங்கள் வந்தன. உடலின் வெளிப்பக்கமாகச் செல்லும் மின்னோட்டம் அரை மில்லிஅம்பியர் அளவில்தான் எமது கைக்கு உணரவே தொடங்கும். ஆனால் இதயத்துக்குள் செலுத்திய கதீற்றர் குழாய் வழியாகச் சென்றால் அதன் ஐம்பதில் ஒரு பங்கான 10 மைக்ரோஅம்பியரையே பாதுகாப்பு எல்லையாக வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நுட்பமான இடத்தில் சோதனை செய்பவர் காலம் கடந்த நியமத்தைப் பின்பற்றக் கூடாது.

இன்னோர் உதாரணம் எங்கள் வீடுகளுக்கே வந்துவிட்டது. விரலில் மாட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றரை கொவிட் காலத்தில் பலர் வாங்கினோம். ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஓயாகி 1974 இல் கண்ட முறை இது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலூடாகச் செல்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் கணிக்கிறது. தோலின் நிறம் இந்த அளவைப் பாதிக்கலாம் என்பது முன்பே பேசப்பட்டதுதான். ஆனால் 2020 டிசெம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வின் பின்னரே எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், இரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88 க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 வீதம்; கறுப்பினத்தவரில் 11.7 வீதம். 2021 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை விடுத்தது.

கருமை நிறத் தோல் உள்ள நாமும் இதைக் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், கருவி நல்ல எண்ணைக் காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். இக்கருவியை வடிவமைக்கப் படிக்கும் பிள்ளை 2020 க்கு முந்திய நூலை மட்டும் வைத்திருந்தால், இந்த ஆய்வு அதில் இருக்காது.

ஆகவே பௌதிகமும் கணிதமும் என்றால் பழைய பதிப்பு போதும். பாதுகாப்பு, நியமம், கருவிகளின் பிழைகள் என்றால் கடைசிப் பதிப்பையே எடுக்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் நூல்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, 16 நாடுகளின் வசதி குறைந்த வைத்தியசாலைகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளின் பதிவுகளைப் பார்த்தது. அவற்றில் 38 வீதம் பாவனையில் இல்லை. இதற்கு முந்திய ஆண்டில் வந்த வேறோர் ஆய்வு, 11 நாடுகளின் 60 வைத்தியசாலைகளில் பழுதாகிக் கிடந்தவற்றைப் பார்த்தது. அவற்றில் 72 வீதத்தை வெளிநாட்டு உதிரிப்பாகம் எதுவும் இல்லாமல், அடிப்படை அறிவைக் கொண்டே மீண்டும் இயக்க முடிந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், திருத்துபவரின் மேசையில் இருக்கும் நூலின் பெறுமதி விளங்கும். அவருக்குப் புரொன்சினோவின் நான்கு தொகுதிகளையும் அனுப்பினால் அவை கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும். இன்குபேட்டர் சூடாகாத அன்று அவர் எடுக்கும் நூல் வேறு.

இந்தியாவில் வெளிவந்த ஆர். எஸ். கந்த்பூர் எழுதிய "ஹாண்ட்புக் ஒஃப் பயோமெடிக்கல் இன்ஸ்ருமென்ரேஷன்" இதற்கு நன்றாகப் பொருந்தும். 1987 இல் முதலில் வந்து, பின்னர் திருத்திய பதிப்புகளும் கண்டது. ஒவ்வொரு கருவியாக எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டம் கட்டமாக விளக்குகிறது. காரும் பிறவுணும் எழுதிய "இன்ரடக்ஷன் ரு பயோமெடிக்கல் எக்குயிப்மென்ற் ரெக்னோலொஜி" தொழில்நுட்பவியலாளருக்கென்றே எழுதப்பட்டது. ஆனால் அதன் நான்காம் பதிப்பு 2001 க்குரியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரொபேர்ட் மல்கின் 2006 இல் எழுதிய, வளர்முக நாடுகளின் மருத்துவக் கருவிகள் பற்றிய நூல் இணையத்தில் இலவசமாகவே வெளியிடப்பட்டது. ஒவ்வொரு கருவியும் எதற்கு, எப்படி வேலை செய்கிறது, வழக்கமாக எது பழுதாகும், திருத்திய பின் எதைச் சோதிக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட கருவிப் பராமரிப்புக் கைநூலும் இலவசமே.

ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். வட அமெரிக்க நூல்கள் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸ் இரைச்சலை நீக்க அமைத்த வடிகட்டி 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை நீக்காது. நூலில் உள்ள எண்ணை அப்படியே எடுத்தால் ஈ.சி.ஜி கோடு தெளியாது. இங்கிருந்து கருவியை அனுப்புவோருக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறித்த கருவிக்கு அதன் உற்பத்தியாளர் தந்த திருத்தக் கைநூலுக்கு நிகராக எந்தப் பொதுநூலும் இல்லை. கருவியை அனுப்பினால் அந்தக் கைநூலையும் கேட்டு வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். இலங்கையின் அரச வைத்தியசாலை என்றால், சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைப் பிரிவே இக்கருவிகளுக்குப் பொறுப்பு. அவர்களிடம் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று விசாரித்து அனுப்புவது நல்லது.

நூலகத்தில் ஒரு மணித்தியாலம்

இரண்டு நூல்களில் எதை வாங்குவது என்று தீர்மானிக்க முடியவில்லையா? பிள்ளையை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரு கருவியைத் தெரிவு செய்து, அதையே இரண்டு நூலிலும் தேடச் சொல்லுங்கள். பின்வருவனவற்றைப் பாருங்கள்:

1. கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவின் மூலம் அந்தக் கருவி உடனே அகப்படுகிறதா? சொல்லடைவு மோசமான கைநூல் பயன்படாது.

2. எப்படி வேலை செய்கிறது என்பதோடு, எப்போது பிழையாகக் காட்டும் என்பதையும் சொல்கிறதா? இரண்டாவதைச் சொல்லும் நூலே நோயாளியை நினைத்து எழுதப்பட்டது.

3. அத்தியாய முடிவில் தரப்பட்ட மேற்கோள் நூல்கள் எந்த ஆண்டுக்குரியவை? புதிய அட்டைக்குள் பழைய அத்தியாயம் இருப்பது தொகுப்பு நூல்களில் வழக்கமான விடயம்.

4. முதல் மூன்று பக்கங்களைப் பிள்ளை வாசித்துத் தன் சொல்லில் உங்களுக்குத் தமிழில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் நூல் அவரது தரத்துக்கு ஏற்றது. முடியாவிட்டால் இன்னும் இரண்டு ஆண்டு கழித்து வாங்கலாம்.

நான்காவது சோதனையில் இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளை என்ன படிக்கிறது என்று அம்மா அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் விளங்கும்.

செலவைக் குறைக்க

வகுப்புத் தொடங்கி, பாடத்திட்டம் கைக்கு வரும் வரை எதையும் வாங்க வேண்டாம். பல்கலைக்கழக நூலகத்தின் மின்னூல் பட்டியலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய கைநூல்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். மாணவர் வீட்டில் இருந்தே வாசிக்கலாம். தொகுதிகளாக வந்த நூலில் வேண்டிய தொகுதியை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். புரொன்சினோவின் கைநூலில் அது முடியும். மேல்வகுப்பு மாணவர்களிடம் விசாரித்தால், வாங்கி ஒருநாளும் திறக்காத நூல் எது என்று ஒளிக்காமல் சொல்வார்கள்.

முடிவாக

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அறிமுக நூல். கருவிகளில் நாட்டம் என்றால் வெப்ஸ்ரர். கிளை தெரிந்த பின் அக்கிளையின் நூல். புரொன்சினோவும் கலைக்களஞ்சியமும் நூலகத்தில் இருக்கட்டும். ஊரில் திருத்துபவருக்குக் கந்த்பூர், மல்கின், கூடவே கருவியின் சொந்தக் கைநூல். பாதுகாப்பு என்ற சொல் வரும் இடமெல்லாம் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள்.

அன்பளிப்பாக ஒரு பாரமான நூலைக் கொடுப்பது எங்களுக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் அதைப் பாவிக்கப் போகிறவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால், பிள்ளைக்கும் பயன், ஒருநாள் அவர் கருவியை நம்பிக் கட்டிலில் படுக்கும் நோயாளிக்கும் பயன். படிப்பைத் தொடங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எமது வாழ்த்துகள்.